பூ ஒட்டத் தந்த மாவு

தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் விரிக்கும் ஈயத்தாள் கையில் கிடைத்தால், ஆயாம்மா முதலில் அதை மடியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்ப்பார். தேயிலை ஆலையான ஸ்டோரின் வாசலில் கசங்கிக் கிழிந்து குப்பையாய்க் கிடந்த தாள்தான் அது. தேய்க்கத் தேய்க்கச் சுருக்கம் எல்லாம் போய் மினுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவார். இதழ் இதழாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஊசியில் சுருட்டி, மரவள்ளிக் குச்சியின் நுனியில் வைத்துக் கட்டினால் ஒரு ரோசாப்பூ. முதன்முதலில் அதைப் பார்த்தபோது வெள்ளியில் செய்தது என்றே நம்பிவிட்டேன். நான் ஏமாந்ததைக் கண்டு அவருக்கு அத்தனை சந்தோசம்.

இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் மலையில் இருந்தது அந்தத் தோட்டம். மாத்தளையிலிருந்து படிப்பிக்கப் போன எனக்கு அங்கே கிடைத்த பள்ளிக்கூடம், ஒரு நீண்ட அறையில் பாதி. நடுவில் பலகைத் தட்டி ஒன்று. அந்தப் பக்கம் புள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தம் குழந்தைகளை விட்டுப் போகும் இடம். ஆயாம்மாதான் அதைப் பார்த்துக்கொண்டவர். புருசன் இறந்து வெகுகாலம். ஒரே மகளை வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இருந்த தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அந்த ஒற்றைக் காம்பராவில் தனியாக இருந்தார்.

அந்தக் காம்பராவைப் போல ஒன்றை நான் பிறகு எங்கும் கண்டதில்லை. பால்மா டின்னை வரிவரியாகக் கீறி விரித்து விளக்குக்கூண்டு செய்து தொங்கவிட்டிருந்தார். எரிந்துபோன பல்புகளுக்குள் மஞ்சள் தண்ணீர். உரச்சாக்கின் நூலைப் பிரித்துப் பின்னிய திரை. மாதா படத்தைச் சுற்றிச் சிகரெட் பெட்டித் தாளில் வெட்டிய நட்சத்திரங்கள். லயத்தில் கலியாணம், சடங்கு, ஞானஸ்நானம் எது வந்தாலும் பந்தல் அவருடையது. யாரும் எதையும் எறிவதில்லை. "ஆயாம்மா, இது ஆவுமா?" என்று கேட்டு, உடைந்த வளையலையும் தையல்நூல் கட்டையையும் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள்.

இப்படிச் சொல்வதால் அவரைச் சாந்தமான மனுசி என்று எண்ணிவிடக் கூடாது. வாய் பொல்லாத வாய். தன் வேலையில் அப்படி ஒரு கர்வம். ஒரு கலியாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாலை ஒன்றை அவருடைய வளைவில் மாட்டிவிட்டார். ஆயாம்மா வந்து பார்த்தார். ஏணியைப் போட்டு ஏறி, தான் கட்டிய அத்தனையையும் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடிக் கும்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். தன் கையால் செய்த பூ நாலு பேர் முன்னால் தலைகுனிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு உயிர்.

பிறகு, எழுபதுகளில், அந்தப் பஞ்சம் வந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் நின்று போயின. அரிசியும் மாவும் கூப்பனுக்குக் கூடக் கிடைப்பது அரிதாயிற்று. தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். லயங்களில் மரவள்ளி இலையை அவித்துத் தின்றார்கள். பிறகு காட்டில் தோண்டிய கிழங்கு. பிறகு அதுவும் இல்லை. வயசாளிகள் இரத்தோட்டைக் கடைவாசல்களில் போய் உட்கார்ந்தார்கள். புள்ளைக்காம்பராவில் மத்தியானம் கொடுத்துவந்த பாலும் பிஸ்கட்டும் நின்றன. தட்டிக்கு அந்தப் பக்கம் முன்பெல்லாம் ஓயாத கூச்சல். அப்போது அது அடங்கிவிட்டது. பசித்த குழந்தைகள் அழுவதைக்கூட நிறுத்திவிடும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருசம் துரை பங்களாவில் கிறிஸ்து பிறந்தநாளான நத்தார் விருந்து வழக்கம்போல் நடக்க இருந்தது. அலங்காரத் தாளும் பலூனும் கண்டியிலிருந்து வரும். இந்த முறை கண்டியிலும் இல்லை. துரைசானிக்கு ஆயாம்மாவின் ஞாபகம் வந்தது. பங்களாச் சமையல்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: மண்டபம் முழுக்க வெள்ளிப் பூ, வாசலில் வளைவு, கூரையிலிருந்து தோரணம். பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுகள் வந்தன. ஸ்டோரிலிருந்து ஈயத்தாள் வந்தது. கூடவே, பசை காய்ச்ச ஒரு பை கோதுமை மாவு.

அடுத்த நாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ரொட்டி வாசம் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டுத் தட்டியைப் பார்த்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஆயாம்மா தகரத்தை அடுப்பில் வைத்து, உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆயாம்மா, அது பங்களா மாவு இல்லியா?" என்றேன்.

"ஆமா டீச்சர்."

"அப்ப பசைக்கு?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "புள்ளைங்களுக்கு வயிறு ஒட்டிப்போயிக் கெடக்கு. நான் பூவ ஒட்டிக்கிட்டு இருக்கவா? ஒங்க பக்கத்துப் புள்ளைங்களையும் அனுப்புங்க. சத்தம் போடாம வரச்சொல்லுங்க." அடுத்த ரொட்டியைத் தட்டிக்கொண்டே, "நானும் ஒண்ணு தின்னேன். அதையும் சொல்லிப்புட்டேன்" என்றார்.

மாவு தீரும்வரை ரொட்டி சுட்டார். பசைக்குப் பலாப்பாலைக் காய்ச்சினார். ஒரு பூவை ஒட்டிப் புள்ளைக்காம்பராச் சுவரில் வைத்துப் பார்த்தார். மலைக் குளிரில் அது இறுகிப்போய் நின்றது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "கல்லு மாதிரி நிக்குது, பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பங்களா மண்டபத்தை அவர் முடித்துவிட்டு வந்த சாயங்காலம் துரைசானியே வாசல்வரை வந்து கையைப் பிடித்து மெச்சினாராம். அதைச் சொல்லும்போது ஆயாம்மாவின் முகம் புதுப்பெண்ணின் முகம்போல இருந்தது.

விருந்தன்று பாட்டுப் பாடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். விறாந்தையில் நின்றோம். உள்ளே சுவரெல்லாம் வெள்ளி ரோசாக்கள். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமார்கள், பட்டுச்சேலை கட்டிய அவர்கள் மனைவிமார். வெளியே பனி இறங்கத் தொடங்கியதும் வேலைக்காரர்கள் மண்டபத்துக் கணப்பில் விறகை அடுக்கி மூட்டினார்கள். பங்களாவில் அப்படி நெருப்பு மூட்டுவார்கள் என்பது ஆயாம்மாவுக்குத் தெரியாது. பூக் கட்டப் போனதற்கு முன் சமையற்கட்டைத் தாண்டி அவர் அந்த வீட்டுக்குள் போனதே இல்லை; போன அன்றும் கணப்பு குளிர்ந்துதான் கிடந்தது.

முதலில் கணப்புக்கு மேலே இருந்த பூ ஒன்று சரிந்தது. பிறகு ஒரு தோரணம். பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. சூப்புக் கோப்பையில், ஒரு பெரியவரின் வழுக்கைத் தலையில், சேலைகளின் மேல். சூட்டில் இளகிய பலாப்பால் நூல்நூலாகத் தொங்கியது. முதலில் சிரித்தார்கள். ஒரு அம்மாளின் பட்டில் அது அப்பிக்கொண்டு வராமல் போனதும் சிரிப்பு நின்றது. விறாந்தையின் தூண் ஓரத்தில் ஆயாம்மா நின்றுகொண்டிருந்தார். தன் பூக்களைப் பார்ப்பதற்கென்றே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் துரை புள்ளைக்காம்பராவுக்கே வந்தார். கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். "மாவு எங்கே?" என்று துரை கேட்டார். ஆயாம்மா வாய் திறப்பதற்குள், கணக்கப்பிள்ளை ஒரு சிறுமியைப் பார்த்துக் குனிந்து, "ஆயாம்மா ஒனக்கு ரொட்டி குடுத்தாங்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அவள் உற்சாகமாக. "எல்லாருக்கும் குடுத்தாங்க. சீனி போடல."

ஆயாம்மா மறுக்கவில்லை. "நான்தான் குடுத்தேன் தொரை. திங்கிற மாவுதானே, தின்னுச்சுங்க" என்றார்.

மலையிலிருந்து தாய்மாரைக் கூப்பிட்டார்கள். ஒருத்தியும் ஆயாம்மாவைப் பார்க்கவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா கையில் கைக்குழந்தையோடு நின்றாள். "நாங்க கேக்கலிங்க தொரை. அதுவாத்தான் குடுத்துச்சு" என்றாள். வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். பயத்தை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த 'அது' என்ற சொல் இன்றைக்கும் என் காதில் உறுத்துகிறது.

ஆயாம்மாவைப் புள்ளைக்காம்பராவிலிருந்து விலக்கிக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். முழங்கால் மடங்காத வயதில் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறினார். லயத்தில் வேறு கதை கிளம்பியது: பாதி மாவை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம், மேல் லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய ரொட்டியாம். அவர் பந்தலில் கலியாணம் முடித்தவர்களே அதைச் சொன்னார்கள். காம்பராவில் இருந்த விளக்குக்கூண்டையும் திரையையும் ஆயாம்மா கழற்றிவிட்டார். யாரோ பழக்கத்தில் ஒரு டின்னைக் கொண்டுவந்தபோது, "குப்பைய குப்பையில போடு" என்றாராம்.

தைமாதம் அந்தச் சிறுமியின் தம்பி வயிற்றோட்டத்தில் போய்விட்டான். தேயிலைப் பெட்டிப் பலகையில் சின்னதாக ஒரு பெட்டி அடித்தார்கள். தோட்டத்தின் முத்திரை எழுத்து பக்கவாட்டில் அப்படியே தெரிந்தது. யாருக்கும் ஆயாம்மாவைக் கூப்பிடத் தைரியம் இல்லை. கடைசியில் அந்தத் தாயே போனாள். நான் துணைக்குப் போனேன். அவள் வாசலில் நின்று சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி மாவு. கூப்பனில் அந்த வாரம் கிடைத்ததில் மீதி.

"இத வச்சு ஒட்டுங்க ஆயாம்மா" என்றாள். "பூ விழாம இருக்கட்டும்."

ஆயாம்மா அந்த மாவையே வெகுநேரம் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுப்பார், இருக்கிற மகளுக்கு ரொட்டி சுடச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டி வாங்கினார். தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பசை காய்ச்சினார். முத்திரை எழுத்தை ஈயத்தாளால் மூடினார். அதன் மேல் பூக்களை ஒட்டினார். கல்லறைவரை ஒரு பூவும் விழவில்லை. அவர் செய்த கடைசி வேலை அதுதான். மழைக்கு முன்பே, இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகும் கடதாசி அவருக்கு வந்தது. ஒரு தகரப்பெட்டியோடு, கப்பலேறத் தலைமன்னார் ரயிலுக்குப் போய்விட்டார். வழியனுப்ப லயத்தில் சிலர்தான் வந்தார்கள்.

போன வருசம் மாத்தளையில் என் பேத்தி முறையான ஒருத்தியின் கலியாணம். மண்டபத்தில் பால்மா டின்களும் சாக்குத் துணிப் பூக்களும் வெட்டிய பத்திரிகைத் தோரணங்களும் தொங்கின. கழிவிலிருந்து கலை என்று ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பாதி தின்ற தட்டுகள் மேசை மேசையாக அடுக்கியிருந்தன. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றாள். சீனி போடல என்று சொன்னவள். இரத்தோட்டையில் கடை வைத்திருக்கிறாள்.

பல வருசத்துக்கு முன்பு வேளாங்கண்ணிக்குப் போனபோது நீலகிரிப் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனாளாம். அங்கே விசாரித்து விசாரித்து ஆயாம்மாவைக் கண்டுபிடித்திருக்கிறாள். வயதாகிக் கண் மங்கியிருந்தாராம். காம்பராவில் வெறும் சுவர். காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அன்னிக்குத் தொரைகிட்ட சொன்ன புள்ள நான்தான். நீங்க சுட்டுக் குடுத்த ரொட்டி இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாளாம்.

ஆயாம்மா காலை இழுத்துக்கொண்டு எட்டி நின்றாராம். அக்கம்பக்கம் பார்த்தாராம்.

"நான் யாருக்கும் ரொட்டி குடுக்கலம்மா" என்றாராம். "ஒனக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

சொல்லிவிட்டு, அவ்வளவு தூரம் போனவளை உட்காரச் சொல்லாமலே கதவைச் சாத்திக்கொண்டாராம்.