நடுவில் நின்ற கதை

‘மத்தியஸ்தம்’ வடமொழியிலிருந்து வந்த சொல். மத்தியம் என்றால் நடு, ஸ்தம் என்றால் நிற்பது. அகராதி புரட்டுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நடுவில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்று மட்டும் எந்த அகராதியும் சொல்லவில்லை. அதை என் மனைவியும் மைத்துனனும் சொல்லிக்கொடுத்தார்கள்.

மைத்துனன் முதுகுளத்தூரில் வீடு கட்டி, பால் காய்ச்ச அக்காவை வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டான். கூடப் பிறந்தவளை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவி போகவில்லை, என்னையும் விடவில்லை. அவனுக்கு ரோஷம். எட்டு மாதம் பேச்சில்லை.

இதற்கிடையில் எங்கள் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பதே ஒரு மாமன். மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தம்பிக்குப் போன் போடவும் மாட்டாள்.

ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். அவன் வீட்டில் தண்ணீர் குடித்த கையோடு, “ஒங்கக்கா அழுதுக்கிட்டே இருக்கா மாப்ளே” என்றேன். காதுகுத்து நாளையும் சொன்னேன்.

“பாப்பம் மச்சான்” என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, “ஒன் தம்பி அழுதுட்டான்” என்றேன்.

“அவனா?” என்றாள். நம்பவில்லை, ஆனால் நம்ப ஆசைப்பட்டாள். நான் சொன்ன இரண்டுமே பச்சைப் பொய். எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

காதுகுத்து அன்று குலசாமி கோயிலில் பத்தர் ஊசியோடு காத்திருந்தார். மனைவி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அவன் பைக் வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டோடு நேராக அக்காவிடம் போனான்.

“எதுக்குக்கா அழுத? ஒரு வார்த்த சொன்னா வந்திருப்பேன்ல.”

“நான் எங்கடா அழுதேன்? நீதான் அழுதியாம்.”

“நானா?”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எட்டு மாதம் பேசாதவர்கள் சேர்ந்துகொண்டு என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். அவள் விட்ட இடத்தில் அவன் பிடித்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

பத்தர் கூப்பிட்டார். இத்தனை நாளில் பிள்ளை மாமனை மறந்திருப்பாளோ என்று பயந்திருந்தேன். மடியில் ஏறியதும் அவள் மாமனின் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் தேடினாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி குனிந்து முந்தானையால் துடைத்துவிட்டாள். சமாதானம் சொல்லலாம் என்று கிட்டே போனேன்.

“நீங்க சும்மா இருங்க” என்றார்கள் இருவரும்.