காரணத்தை எழுதிக் கொடுங்கள்

அடுப்பில் பருத்திமார் விறகு எரியும்போது எழும் புகை கண்ணைக் கரித்து, தொண்டையில் நின்று, துவரம்பருப்பு வேகும் வாசத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் வரும். நான்காம் வகுப்பில் நான் வாய்ப்பாடு சொன்னதெல்லாம் அந்தப் புகைக்குள்தான், ஏனென்றால் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் சத்துணவுச் சமையலுக்கு என் அம்மா ரங்கம்மாள் வேலைக்குச் சேர்ந்தாள்.

கருமத்தம்பட்டியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் ஆட்கள் மிகக் குறைவு. தோட்டத்துக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடந்த தோட்டத்துக்காரர்களில் சிலர் வீட்டில் தமிழும், சிலர் வீட்டில் தெலுங்கும் பேசினார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடுகளாக எங்கள் 'காலனி'. நாங்களும் வீட்டில் தெலுங்குதான். ஆனால் தெலுங்கு பேசும் தோட்டத்துக்காரர்கள் எங்களிடம் ஒருநாளும் அந்த மொழியில் பேசியதில்லை, வேலை ஏவத் தமிழே போதும் என்பதுபோல.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். அம்மா சமைத்த முதல் நாள், காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் மட்டும் தட்டோடு உட்கார்ந்தோம். மற்ற பன்னிரண்டு பேரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த 'போசி'யைத் திறந்து வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள். மறுநாளும் அப்படியே. அரிசியைக் குறைத்துப் போடச் சொன்ன டீச்சரிடம் அம்மா, "பேரு நோட்டுல இருக்கற வரைக்கும் அவங்க சோறு அவங்களுக்குத்தானுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தினமும் பத்தொன்பது பேருக்கே உலை வைத்தாள். மிஞ்சிய சோற்றைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. அம்மா மீது கோபம்கூட வந்தது.

ஒரு மாதம் கழித்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். தோட்டத்துக்காரர்கள் நான்கைந்து பேர் அவருக்குப் பின்னால் நிற்க, அவர் அம்மாவிடம் நயமாகவே பேசினார்.

"சூலூர்ப் பக்கம் ஒரு எடம் காலியா இருக்குதும்மா. மாத்திக்க. இல்லீனா இவங்க புள்ளைங்களுக்கு டிசி வாங்கிக்குவாங்க, பள்ளிக்கூடத்தையே மூடவேண்டி வந்துரும்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மாறிக்கறனுங்க சார். ஆனா காரணத்த ஆர்டர்லயே எழுதிக் குடுங்க. இவ சமைச்சா இவங்க திங்கமாட்டாங்கன்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. நான் இன்னிக்கே கெளம்பறேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. அம்மா மறுபடி கரண்டியை எடுத்துச் சோறு போட ஆரம்பித்தாள்.

மூன்று பேர் டிசி வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கு வேறு பள்ளிக்கூடம் எட்டாத தூரம். ஒரு முட்டை நாளில், தெலுங்கு பேசும் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் சுமதி தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டும் என்று அம்மாவிடம் தெலுங்கிலேயே கேட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் அடி வாங்கியிருந்தும், மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான்கு பேர் மட்டும் கடைசி வரை சாப்பிடவே இல்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. தோட்டங்களில் பாதி 'சைட்' ஆகிவிட்டன. சுமதி எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர், "வித்தியாசம் பாக்காம எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட காலம்" என்று எழுதியிருந்தார். கடைசி வரை சாப்பிடாத அந்த நான்கு பேரில் அவரும் ஒருவர். நடந்ததையெல்லாம் நான் அப்படியே எழுதிப் போட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? அழிச்சுப்போடுங்க" என்று அவரிடமிருந்து உடனே பதில் வந்தது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"எதையும் அழிக்காத கண்ணு. அவர நம்ம ஊட்டுக்கு வரச் சொல்லு. ஆக்கிப் போடறேன், உக்காந்து திங்கட்டும்" என்றாள்.

அதையும் எழுதிவிட்டேன். அவர் படித்துவிட்டார் என்பது தெரிகிறது. வருகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை.