கொலுசா, வளையலா

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பின்னாளில் கேசட் கேசட்டாகத் தெம்மாங்கு எழுதியவர். அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் விடிந்தால் அவர் பாட்டுதான். அவர் பேர் போட்டு வந்த முதல் கேசட்டை நான் கெடுக்கப் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. வாய்க்கு மட்டும் எண்பது.

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் அவர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலம். லோடு சீட்டின் பின்பக்கம் பாட்டெழுதுவார். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்து, திருமானூரில் அம்மா நடவுக்குப் போகும் வயலுக்கு அனுப்புவார். யார் எழுதியது என்று மூச்சு விடக் கூடாது. நடவுப் பெண்கள் தாங்களாக எடுத்துப் பாடினால்தான் அவருக்கு அது பாட்டு. இல்லாவிட்டால் சீட்டு அடுப்புக்குப் போகும்.

திருச்சியில் கேசட் போடுகிறவர் திங்கட்கிழமைக்குள் ஒரு பாட்டு கேட்டிருந்தார். நடவு நடுகிறவளின் கொலுசுச் சத்தம் கேட்டு ஒருவன் வரப்பிலேயே வழி மறந்து நிற்கிற பாட்டு. நான் பாடினேன், பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் பார்த்தால் கொலுசு போய் வளையல் வந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“தப்பாப் பாடுறீங்க! எங்க மாமா கொலுசுன்னுதான் எழுதியிருக்காரு.”

“ஓ, உங்க மாமன் பாட்டா? அப்ப அவரையே வந்து பாடச் சொல்லுடி,” என்றார் முன்வரிசையில் நின்ற அத்தை. அதோடு வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா சேற்றுக் கையோடு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “வளையல்னா பாடுனாங்க?” என்று இரண்டு தரம் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். சண்டை போடத்தான் போகிறார் என்று நான் குஷியாகப் பின்னால் ஓடினேன்.

“அக்கா, நான் எழுதுனது சரியில்லீங்க. நீங்க பாடுனத ஒரு தரம் பாடுங்க,” என்றார் மாமா, அந்த முன்வரிசை அத்தையிடம். எனக்கு மானமே போயிற்று.

நடவு வயலுக்கு வரும் வெளியாளை அவர்கள் சும்மா விடுவதில்லை. காலடியில் நாற்று முடியை, ஒரு கைக்கட்டு நாற்றை, வைத்து அன்பளிப்பு கேட்பார்கள். மாமாவுக்கும் வைத்தார்கள். அவர் காலிப் பையைத் தடவிவிட்டு, “பாட்டு கேசட்ல வந்துச்சுன்னா எல்லாருக்கும் வளையல் வாங்கித் தரேன்,” என்றார். சிரித்துக்கொண்டே பாடினார்கள். மாமா சீட்டில் கொலுசை அடித்து, வளையல் என்று எழுதினார். கண் கலங்கியிருந்தது. தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கேசட் வந்தது. அடுத்த நடவுக்கு ஆளுக்கொரு டஜன் கண்ணாடி வளையலும் வந்தது. எனக்கு மட்டும் வெள்ளிக் கொலுசு. “பாட்டுலேருந்து எடுத்தது, ஒனக்குத்தான்,” என்றார். உலகத்தில் யாருக்கும் இப்படியொரு மாமா கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

மாமா முதலில் எழுதியதுதான் சரி என்று காட்டுவதற்காக நேரே வயலுக்குப் போனேன். வரப்பில் ஜல் ஜல்லென்று கேட்டது. சேற்றில் இறங்கினேன். சத்தத்தையே காணோம். காலை எவ்வளவு அசைத்தாலும் இல்லை. பக்கத்தில் நாற்று ஊன்றும் கைகளில் வளையல்கள் கலகலத்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சண்டைக்குப் போனேன், கடைக்காரன் ஏமாற்றி ஊமைக் கொலுசைத் தலையில் கட்டிவிட்டான் என்று.