நாலாவது பலகை

ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலைக் கடைத்தெருவில் ஈ காக்காய் இருக்காது. கடை திறக்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஆனாலும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கரமனையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் இருந்தால் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும். மனைவி போன பிறகு அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. கடையில் என்றால் தும்மலாவது வரும்.

போனைத் தராசின் மேல் சாய்த்து வைத்தேன். நாக்பூரில் பெண்கள் அணிச் செஸ், இறுதிப் போட்டி, நேரடி ஒளிபரப்பு. ஓர் அணிக்கு நாலு பேர், நாலு பலகை. நாலாவது பலகையில் என் மகள், வேலை பார்க்கிற ஆபீசின் அணிக்காக. நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சொன்னால் எனக்குத்தான் கேவலம். அவள் அம்மாவின் முதல் திவசத்தன்று அவளுக்கு எங்கோ ஒரு போட்டி. வரவில்லை. மறுநாள் போன் செய்தாள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. “அம்மைக்க திவசத்தவிட கட்டை தள்ளுதது பெருசாப் போச்சு, இல்லியா? இனி இந்த வீட்டு நடையில காலெடுத்து சவிட்டாண்டாம்!” என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன், அப்பா கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். தாயைப் போல பிள்ளை என்பார்கள். முகம் தாய்தான். வீம்பு மட்டும் என் சரக்கு.

அந்த இரண்டு வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் நான் செஸ் கற்றுக்கொண்டேன். அவள் ஆடுகிற ஒளிபரப்பு ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்துத்தான். யானை எப்படிப் போகும், எப்போது சமன் என்று கை கொடுப்பார்கள், எல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டது. வர்ணனைக்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் பாதி புரியாது. திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி எப்போதும் கிடக்கும். விளம்பரமாக இருக்கும் என்று அதை நான் வாசித்ததே இல்லை.

காமிரா எப்போதும் முதல் பலகையைத்தான் காட்டும். நாலாவது பலகையில் என் மகளின் இடது முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். அந்த முழங்கையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவேன். அன்று மற்ற மூன்று ஆட்டமும் முடிந்து, ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன் என்று நின்றது. கோப்பை யாருக்கு என்பது என் மகள் கையில். வேறு வழியில்லாமல் காமிரா அவள் முகத்துக்கு வந்தது. மெலிந்திருந்தாள். கழுத்தில் அவள் அம்மாவின் சங்கிலி.

பின்னால் அணித் தலைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆட்டம் நடக்கும்போது அவள் காய்களைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி எங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து மலையாளி டீக்காரர் எட்டிப் பார்த்தார். “எந்தா அண்ணாச்சி, ஞாயறாழ்ச்சயும் கடையோ?”

“மகளுக்க செஸ் களி நடக்குதுடே. பிறகு வா.”

அவரிடம் “மகள்” என்று சொன்னதே எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் அவளிடம். எதிராளியிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. படம் நின்றுபோனது. தெரியாத நம்பர். எங்கள் தொழிலில் தெரியாத நம்பர் என்றால் கடன் வேண்டுமா என்று கேட்கிறவன்தான். வெட்டினேன். படம் திரும்ப வருவதற்குள் மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன்.

“பிள்ளையாரப்பா, அவ ஜெயிச்சா பழவங்காடி கோயில்ல நூத்தியெட்டு தேங்கா உடைக்கேன்,” என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாவது தடவை அடித்தது. எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே, “ஒரு தடவ சொன்னா மனசிலாவாதா? சும்மா சும்மா கூப்பிட்டு சல்லியம் பண்ணாண்டாம். இனி கூப்பிடப்பிடாது, வையி!” என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. நானே வைத்துவிட்டேன்.

படம் வந்தது. அவள் அதே மாதிரி தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நல்லவேளை, ஒன்றும் தப்பவில்லை என்று மூச்சு விட்டேன்.

இரண்டு நிமிஷம் கழித்து அதே நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“அப்பா, நான்தான். கேப்டன் போன்ல இருந்து. ஜெயிச்சுட்டேன். அம்மா இருந்தா மொதல்ல அவகிட்டதான் சொல்லுவேன். இப்ப நீங்கதான இருக்கீங்க, அதான் கூப்பிட்டேன். இனி சல்லியம் பண்ணல.”

எவனோ ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. மகள்தான் இதோ என் கண்முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறாளே! ஆனால் அம்மா விஷயம் எவனுக்குத் தெரியும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த அந்தப் பொடி எழுத்தை முதல் தடவையாக வாசித்தேன். ஆட்டத்தில் கள்ளத்தனம் நடக்காமல் இருக்க, ஒளிபரப்பு பதினைந்து நிமிடம் பிந்தி வரும் என்று போட்டிருந்தது. அவள் ஜெயித்து முடித்த ஆட்டத்துக்குத்தான் நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். பிறகு இரண்டு வருஷமாகத் தொடாத என் மகளின் நம்பரைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆடுகிறவர்கள் போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தலைவியின் நம்பருக்கு மறுபடி போட்டேன். யாரும் எடுக்கவில்லை. இப்படியே பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போனது. போனைத் தராசின் மேல் வைத்தபோது ஆட்டம் தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்தது.

எதிராளி கையை நீட்டினாள். என் மகள் கை கொடுத்துவிட்டு எழுந்தாள். கட்டிப்பிடிக்க வந்த தோழிகளை விலக்கினாள். தலைவியிடம் காதருகே கையை வைத்துக் காட்டி, போன் வேண்டும் என்று கேட்டாள். வெளியே கொடுத்து வைத்திருக்கிறேன் என்பது போலத் தலைவி வாசலைக் காட்டினாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவாளே, அதே ஓட்டம். சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்தச் சிரிப்பு முழுக்க எனக்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

“போவாத மக்களே,” என்று திரையில் ஓடுகிற மகளிடம் சொன்னேன். “கூப்பிடாத. அந்த ஆளு இப்பக் கத்துவான்.”

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.