வேளாங்கண்ணியின் தனிப்பானை

கூடத்தில் ஸ்தனிஸ்லாஸ் சத்தம் போட்டுச் சிரித்தார். அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்த வேளாங்கண்ணி அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இன்னும் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? சந்தோஷம் வந்தால் அவர் மீசையை மட்டும்தான் தடவுவார். பயம் வந்தால்தான் இப்படிச் சிரிப்பார்.

"சம்பந்தியம்மா எங்க, கண்ணுலயே காணோம்?" என்று வந்தவர் கேட்டது காதில் விழுந்தது.

"உள்ளாறதான் இருக்கறாளுங்கக்கா. உங்களப் பாத்து வெக்கப்படறா!" மறுபடியும் அதே சிரிப்பு.

"நாப்பது வயசுல என்ன வெக்கம்? பொண்ணு பாக்க வந்தது அவளையா?"

வேளாங்கண்ணி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். நெஞ்சுக்குள் இருமல் புரண்டது, மூடிய சட்டியில் களி கொதிப்பதுபோல. மாதாவே, அவங்க கை நனைச்சிட்டுப் போற வரைக்கும் இத அடக்கி வையி. அப்புறம் என் உசுரே போனாலும் போகட்டும்!

வந்திருந்தவர் மதலேனம்மாள். கடத்தூர் மாப்பிள்ளையின் பெரியம்மா. தாயில்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர். சம்மதமில்லாத வீட்டில் அவர்கள் கை நனைப்பதில்லை. இன்று சாப்பிட வந்திருக்கிறார் என்றால் மகள் புஷ்பமேரியை மருமகளாக ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்று அர்த்தம். இலையில் கை வைத்துவிட்டால் போதும், தை பிறந்ததும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடலாம். இதற்கு முன் வந்த இரண்டு இடமும், 'அந்தப் பொண்ணோட அம்மா இருமிக்கிட்டே கெடக்கறாளாமே' என்று யாரோ ஓதியதில் பாதி வழியிலேயே திரும்பிப் போனவை.

ஒளிந்து நிற்கிற பிறவியா வேளாங்கண்ணி? இண்டூருக்கு வாழ வந்த புதிதில் நிலக்கடலை மூட்டையைக் கைத்தாங்கல் இல்லாமல் தலைக்கு ஏற்றுவாள். "மருமவ வந்தா, எனக்கு ஒரு சோடி எருது மிச்சம்" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கடைசிக் குழந்தை பிறந்த கையோடு செத்துப்போனதே, அன்றைக்கு மாறியது அந்த உடம்பு. அழுதாள், தூங்கினாள், விழித்ததும் மறுபடி அழுதாள். பகலிலும் பாயைச் சுருட்டவில்லை. உடம்பு ஊதிப்போனது. கால் கனத்தது. நெஞ்சில் கோழை கட்டி, வாசல் கூட்டினாலே மூச்சு இரைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு நுரையீரலில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாமல் ஒருத்தி எப்படி இருமுவாள் என்று ஊர் கேட்டது.

பாப்பாரப்பட்டி வைத்தியர் சென்னப்பன்தான் நாடியைப் பிடித்துப் பார்த்துத் தைரியம் சொன்னார்.

"ஒட்டற சீக்கு இல்லம்மா இது. கபம் ஏறிக் கெடக்குது. எறக்கோணும், அவ்வளவுதான். என் மருந்து கால் பங்கு. உன் வாயும் உன் பாயும்தான் முக்கா பங்கு."

தயிர் கூடாது. வாழைப்பழம், வெல்லம், புது அரிசி எதுவும் ஆகாது. பகலில் கண் மூடவே கூடாது. விடியுமுன் எழுந்து வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வந்து, கொள்ளு மாவை உடம்பெல்லாம் சூடு பறக்கத் தேய்த்துக் குளிக்க வேண்டும். பழைய சாமைச் சோறு, கொள்ளு ரசம், மிளகு, தாகத்துக்குச் சுக்குத் தண்ணீர். தயிர்ச் சட்டியை விரலால் வழித்து நக்குகிற பெண் அவள்! மகளின் கல்யாணத்துக்காக அத்தனையையும் விட்டாள். ஏரிக்கரையில் அவள் மூச்சு வாங்க நடப்பதைப் பார்த்து, "கெழட்டுக் குதிரைக்குக் கொள்ளும் வெச்சு ஓட்டமும் பழக்கறாங்கடோய்" என்று கேலி பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நடந்தாள். கோடைக்குள் உடம்பு இறங்கியது. களை வெட்டப் போனாள். கார்த்திகை மழை பிடித்ததும் இருமல் மட்டும் திரும்பி வந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் பத்தியம் இருந்தால் அதுவும் போய்விடும் என்றார் வைத்தியர்.

அந்த மிளகுக் காரத்தை வீட்டில் வேறு யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அதனால் அவளுக்கென்று தனிப்பானை, தனித்தட்டு, தனி லோட்டா. மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் சிலுவை போட்டு வைத்தாள். விதைக் குதிரோ உப்புச் சாடியோ, பத்திரமாக இருக்க வேண்டிய எதற்கும் சிலுவை போடுவது அந்த வீட்டுப் பழக்கம். அது பெற்ற மகள் தலையில் விடியும் என்று யார் கண்டது?

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா." மதலேனம்மாள் தானே அடுப்படிக்குள் வந்துவிட்டார். "நம்ம வூடுதானே, நானே மொண்டுக்கறேன்."

குனிந்தவரின் கை பாதியில் நின்றது. மூலையில் வரிசையாகச் சிலுவை போட்ட பானை, தட்டு, லோட்டா.

"யாருக்கு இது? தனியா ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

"எனக்குங்கக்கா." வேளாங்கண்ணி அவசரமாகச் சொன்னாள். "பத்தியச் சாப்பாடுங்க. கபம்னு வைத்தியரு..."

"என் தங்கச்சிக்கும் சளின்னுதான் சொன்னாங்க. படத்துல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. இப்படித்தான் தட்டு ஒதுக்கனோம், லோட்டா ஒதுக்கனோம்." அவர் அந்தச் சிலுவைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ பெத்த புள்ளயத்தாம்மா நான் வளத்தேன்."

"சத்தியமா அந்த ஒட்டற சீக்கு இல்லீங்கக்கா!" ஸ்தனிஸ்லாஸ் ஓடி வந்தார். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மதலேனம்மாள் கெட்டவர் அல்ல. லோட்டாவைத் தொடாமல் நிமிர்ந்தார். "சரி. சீக்கு இல்லைன்னா எதுக்கு ஒதுங்கி நிக்கோணும்? எனக்குப் பக்கத்துல உக்காரு, தங்கச்சி. எங்களுக்கு ஆக்குனத நீயும் சாப்புடு. நானும் கை நனைக்கறேன்."

இலை போட்டார்கள். புஷ்பமேரி பரிமாறினாள். புது அரிசிச் சோறு, எருமைத் தயிர், வாழைப்பழம். அத்தனையும் நஞ்சு! சாப்பிடாவிட்டால் சீக்குக்காரி, சாப்பிட்டாலோ?

"அம்மா, வேண்டாம்மா," என்று புஷ்பமேரி காதோடு கெஞ்சினாள்.

"ஊத்து புள்ள."

தயிரைப் பிசைந்து முதல் கவளத்தை விழுங்கினாள். சில்லென்று இறங்கியது. மதலேனம்மாள் முகம் மலர்ந்தது; அவரும் இலைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். இரண்டாவது கவளம். அவ்வளவுதான்! காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனை இருமலும் மடை உடைத்துக்கொண்டு கிளம்பியது. கண் பிதுங்கியது, தலைப்பைத் தேடிய கை வெறுங்காற்றைப் பிடித்தது. எழுந்து ஓடப் பார்த்தவள் முழங்காலில் விழுந்து இருமினாள். நிறுத்த முடியவில்லை. தன் உடம்பே தன் பேச்சைக் கேட்காதபோது ஒரு தாய் என்ன செய்வாள்?

மதலேனம்மாளின் கை இலையைத் தொடாமலே மடிக்குத் திரும்பியது. அவர் எழுந்தார். புஷ்பமேரியை இழுத்து அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"உன்னக் கொற சொல்ல ஒண்ணுமில்ல, கண்ணு. ஒரு சாவப் பாத்த வூடு எங்களுது. இன்னொண்ணத் தாங்காது."

"அக்கா, ஒரே ஒரு மழைக்காலம் பொறுங்கக்கா..." என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

குடையை விரித்துக்கொண்டு மதலேனம்மாள் தூறலில் இறங்கினார். பஸ் நிற்கும் பக்கம் திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வேளாங்கண்ணி இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். மகள் அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? வாசலிலிருந்து ஈரக்காற்று சிலீரென்று அடித்தது. அது அவளுக்கு ஆகாதென்று ஸ்தனிஸ்லாஸ் கதவைச் சாத்தினார்.