ராணிகளை யாரிடம் ஒப்படைப்பது

என் அண்ணி லிஃப்டில் ஏற மாட்டார். அண்ணனோ லிஃப்ட் மெக்கானிக். அவர் கையாலேயே சரிசெய்த லிஃப்டாக இருந்தாலும் அண்ணி படிக்கட்டைத்தான் தேடுவார்.

"புருஷன் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று அண்ணன் கேட்பார்.

"உங்க மேல இருக்கு. அந்தக் கம்பி மேலதான் இல்ல."

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அண்ணி அதை என்னிடம் தள்ளிவிடுவார். வானம் லேசாக உறுமினாலே டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். ஆனால் மொட்டை மாடியில் வரிசையாக நிற்கும் தேனீப் பெட்டிகளின் மூடியை மட்டும் வெறுங்கையால் திறப்பார். முழங்கை வரை தேனீக்கள் ஊரும். அவர் பாட்டுக்குத் தேனடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, காய்கறிக் கடையில் கத்திரிக்காய் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கொட்டினால், "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அண்ணி விற்பது தேன் இல்லை. ராணித் தேனீ. ஒரு கூட்டுக்கு ஒரு ராணிதான் இருக்கும். முட்டையிடுவது அது மட்டுமே. ராணி கிழடாகிவிட்டால், அல்லது செத்துவிட்டால், கூடும் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அதனால் தேனீ வளர்ப்பவர்கள் நல்ல ராணியை விலைக்கு வாங்குவார்கள். அண்ணி ஒவ்வொரு ராணியையும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மரக்கூண்டில் விடுவார். அதற்கு ஊட்டிவிட ஏழெட்டு வேலைக்காரத் தேனீக்கள், வழிச்சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை மாவு. கூண்டின் ஒரு பக்கம் கம்பி வலை. இப்படிப்பட்ட கூண்டுகளை, பக்கவாட்டில் வலை வைத்த பெரிய பெட்டிக்குள் அடுக்கி அனுப்புவார்.

அனுப்புவதுதான் சிக்கல். ராணிக்குக் காற்று வேண்டும், நிழல் வேண்டும், வழியில் தாமதம் ஆகக் கூடாது. பல வருடங்களாக ஒரு பேருந்து ஓட்டுநர் தன் இருக்கைக்கு அடியில் வைத்து எடுத்துப்போய்க் கொடுத்துவந்தார். புது ரயில் பாதை வந்ததும் அந்தப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய ஆர்டர் வந்தது. பழத்தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கும் ஒருவர். எங்கள் வீட்டில் அவரைப் பண்ணைக்காரர் என்போம். அண்ணி வளர்ப்பதில் பாதிக்கு மேல் அவர்தான் வாங்குவார். இந்த முறை தன் கூடுகளை எல்லாம் இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டு, பிரித்த பாதிகளுக்கு அண்ணியின் ராணிகளை எதிர்பார்த்துக் காத்திருந்தார். ராணிகள் வழியில் செத்தால் அவருடைய பாதிக் கூடுகள் போய்விடும். அந்தப் பருவத்தில் மறுபடி வளர்க்கவும் முடியாது. அப்புறம் எந்த முகத்தோடு அவருக்குப் போன் செய்வது? அண்ணியின் தொழில் அத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே அண்ணி கம்பெனிகளைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடச் சொன்னார் என்பதுதான் சரி.

முதலில் வந்தவர் குளிர்வண்டிக் கம்பெனிக்காரர். "எங்க வண்டியில எப்பவும் நாலு டிகிரி மேடம். தடுப்பூசி எல்லாம் இதுலதான் போகுது."

"நாலு டிகிரியில என் ராணி விறைச்சுப் போயிடும் தம்பி."

"அப்ப எட்டு வச்சுக்கலாமா?"

அண்ணி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அடுத்தவர் கம்பெனியில் எல்லாம் செயலியிலேயே முடிந்துவிடும். செலவும் குறைவு. "உயிருள்ளதை நாங்க எடுக்கறது இல்ல. ஆனா அதை ஏன் எழுதறீங்க? மரச் சாமான்னு போடுங்க. யாரு பார்க்கப்போறா?" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். "சரியாத்தானே சொல்றாரு."

"யாரும் பார்க்க மாட்டாங்கன்றதுதாங்க எனக்குப் பயமே. மரச் சாமான்னா வெயில்ல போடுவாங்க, மேல வாஷிங் மெஷினை ஏத்துவாங்க. செத்தா ஏன்னு கேட்கக்கூட வாய் இருக்காது."

மூன்றாவது ஆள் புள்ளி போட்ட சட்டையில் வந்தார். உயிருள்ள பார்சலை எடுப்போம், மேலே பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும் என்றார். போகும்போது தானாகவே ஒன்று சொன்னார்: "ஞாயித்துக்கிழமை போய்ச் சேர்ற மாதிரி மட்டும் அனுப்பாதீங்க. அங்க குடோன் பூட்டியிருக்கும். உங்க பெட்டி திங்கட்கிழமை வரைக்கும் உள்ளேயே கிடக்கும்."

அவர் போன பிறகு அண்ணி சொன்னார்: "வந்தவங்கள்ல இந்த ஒருத்தர்தான் எந்த இடத்துல தப்பு நடக்கும்னு வாயைத் திறந்து சொல்லியிருக்காரு."

அப்படியும் அண்ணி நம்பிவிடவில்லை. அதே மாதிரி இன்னொரு கம்பெனியையும் பிடித்தார். இரண்டு கம்பெனிகளிலும் ஒரே அளவுப் பெட்டிக்குள் ஒரு சாக்லேட் கட்டியை வைத்து, பண்ணைக்காரருக்கு அனுப்பினார். சாக்லேட் உருகாமல் போய்ச்சேர்ந்தால் ராணியும் பிழைக்கும் என்பது கணக்கு. ஒருமுறை அனுப்பியது போதாதென்று மறுபடி மறுபடி அனுப்பினார். கடைசியில் பண்ணைக்காரரே கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, எனக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரியும்ல உனக்கு? சாக்லேட்டா அனுப்பியே என்னை முடிச்சுடலாம்னு பார்க்குறியா?"

"நீங்க சாப்பிடாதீங்கண்ணா. உருகியிருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரு கம்பெனியில கூழா வருது. இன்னொண்ணுல வர்றது கடையில வாங்கின மாதிரியே இருக்கு. அதைச் சாப்பிடாம எப்படிம்மா இருக்கறது?"

கடையில் வாங்கின மாதிரியே சேர்ந்தது புள்ளிச் சட்டைக்காரர் கம்பெனியின் பெட்டி. அண்ணி அதையே தேர்ந்தெடுத்தார்.

ராணிகளை அனுப்பும் அன்று அண்ணி சாப்பிடவில்லை. "உயிருள்ள தேனீக்கள்" என்று சிவப்பு மையில் பெட்டியின் எல்லாப் பக்கமும் எழுதினார். எழுத்து சின்னதாகத் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டு அதன் மேலேயே இன்னும் தடிமனாக எழுதினார். சாயங்காலம் வேன் வந்து எடுத்துப் போனது.

மறுநாள் காலையில் போனில், "குடோனில் பெறப்பட்டது" என்று காட்டியது. காலைச் சாப்பாடு முடிந்தும் அதே வரிதான். அண்ணி பாத்திரம் தேய்ப்பார், கையைத் துடைப்பார், வந்து போனைப் பார்ப்பார்.

"குட்டி, அது ஓடுதா நின்னுபோச்சா?"

"போன் நல்லாத்தான் இருக்கு அண்ணி. வரிதான் மாறல."

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் குரல், "பாதுகாப்புக் காரணத்துக்காக உங்க பார்சலைத் தனியா வச்சிருக்காங்க" என்றது. எங்கே வைத்திருக்கிறார்கள், வெயிலிலா நிழலிலா என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றது. அண்ணியிடம் அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனைக் கூப்பிட்டோம், எந்தக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தாரோ, எடுக்கவில்லை. அண்ணி உடுத்தியிருந்த சேலையோடு செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். ஆட்டோ கம்பியைப் பிடித்திருந்த அவர் கைவிரல்கள் வெளுத்திருந்தன.

குடோன் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, ஓடிக்கொண்டே இருக்கும் ரப்பர் பட்டை, அதன் மேல் வரிசையாக அட்டைப்பெட்டிகள். வாசல் காவலாளி எங்களை உள்ளே விட மறுத்தார். அதற்குள் புள்ளிச் சட்டைக்காரர் ஓடி வந்தார். கூடவே குடோன் மேற்பார்வையாளரும் வந்தார்.

"மேடம், உங்க பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வருது" என்றார் மேற்பார்வையாளர்.

"வரத்தானே செய்யும்? உயிர் இருக்குல்ல?"

"எங்க ஆளுங்க பக்கத்துல போக மாட்டேங்கறாங்க. சிவப்புல வேற அவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்க. ஒருத்தன் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்கே போயிட்டான். வெளிய வந்து கொட்டிட்டா நான் பதில் சொல்லணும். அதனால பத்திரமா சுத்தி வச்சிருக்கோம்."

"எதால சுத்தினீங்க?"

அவர் எங்களைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

சாமான்களைக் கட்டப் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பெட்டியைச் சுற்றியிருந்தார்கள். ஒரு சுற்று இல்லை. ஒரு உருளையே காலியாகியிருக்கும். சிவப்பு எழுத்துகூட வெளியே தெரியவில்லை. பெட்டி சிமெண்டுத் தரையில் தனியாகக் கிடந்தது. சுவரின் நிழல் விலகி, பாதிப் பெட்டி மேல் வெயில் விழுந்திருந்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வியர்த்து நீர்த்துளிகள் நின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சூட்டைச் சோதித்தோம், நேரத்தைச் சோதித்தோம். ஆனால் சாக்லேட்டைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஊரில் இருக்கும் எல்லாப் பயமும் அண்ணிக்கு உண்டு. தேனீயைப் பார்த்து ஒரு மனிதர் நடுங்குவார் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவே இல்லை.

அண்ணி மண்டியிட்டு, பெட்டியில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"இருக்கு. கொஞ்சம் சத்தம் இருக்கு. நிழலுக்கு இழுங்க யாராவது."

யாரும் நகரவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்து நிழலுக்கு இழுத்தேன். அண்ணி வீட்டுச் சாவியால் பிளாஸ்டிக்கைக் குத்திக் கிழித்தார். உள்ளேயிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. தண்ணீர் பாட்டிலை வாங்கி, விரல் நுனியால் வலைமேல் சொட்டுச்சொட்டாகத் தெளித்தார். தேனீக்களிடம் அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு கூண்டாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சில கூண்டுகளில் ராணியும் மற்றவையும் செத்து ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றைத் தனியாக வைத்தார். சிலவற்றில் வேலைக்காரத் தேனீக்கள் செத்து ராணி மட்டும் மெதுவாகக் காலை அசைத்தது. மற்றவற்றில் தண்ணீர் பட்டதும் இரைச்சல் எழும்பியது.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்" என்றார் மேற்பார்வையாளர். "எங்க தப்புதான். என்ன எழுதித் தரணுமோ தந்துடறோம்."

வீட்டுக்கு எடுத்துப் போனால் அத்தனை ராணிகளை உள்ளே விட அங்கே கூடு கிடையாது. கூண்டுக்குள்ளேயே சாகும். அனுப்பினால், பிளாஸ்டிக் சுற்றிய இதே கைகளிடம்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். அண்ணி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போற லாரி எது?" என்று கேட்டார்.

புள்ளிச் சட்டைக்காரர் ஒரு லாரி ஓட்டுநரைக் கூட்டி வந்தார். அவர் பெட்டியைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

"அக்கா, சிங்கம் புலின்னா ஏத்திக்கறேன். இது வேண்டாம். சின்ன வயசுல புருவத்துல கொட்டி மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு."

"எனக்கு உங்க லாரியைப் பார்த்தாத்தான் பயம். அதை நீங்க தினமும் ஓட்டலையா? கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க தம்பி. வலைக்குள்ள இருந்து வெளிய வராது."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். அண்ணி ஒரு கூண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். கை ஆடியது. ஆனாலும் அவர் அதைக் கீழே போடவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"சூடா இருக்குக்கா. அதிருது."

"முதுகுல வெள்ளைப் புள்ளி வச்சிருக்கே, அதுதான் ராணி. நான்தான் பொட்டு வச்சேன். இது போய்ச் சேரலைன்னா அங்க ஒரு கூடே செத்துப்போயிடும்."

ஓட்டுநர் கூண்டை இரண்டு கையாலும் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்தார். "என் சீட்டுக்குப் பக்கத்துல வைங்க. ஜன்னலைத் திறந்து விட்டுக்கறேன். ஆனா ஒண்ணே ஒண்ணு வெளிய வந்தாலும் நான் லாரியை நிறுத்திட்டு இறங்கி ஓடிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

லாரி போன பிறகும் அண்ணி வாசலிலேயே நின்றார். வீட்டில் அண்ணன் கிண்டல் எதுவும் செய்யாமல் அவரே சோறு போட்டு வைத்தார். அது அப்படியே காய்ந்தது.

மறுநாள் பண்ணைக்காரர் போன் செய்தபோது, தெரிந்த எண்தான் என்றாலும், அண்ணி அதை என் பக்கம் தள்ளினார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நாலுல ஒண்ணு போச்சும்மா. மிச்சத்தைக் கூட்டுல விட்டாச்சு. தேனீங்க ஏத்துக்குதான்னு இனிமேதான் பார்க்கணும்."

"ராணி இல்லாத கூட்டை என்ன பண்ணுவீங்க அண்ணா?" என்று தள்ளி நின்றபடியே அண்ணி கேட்டார்.

"பக்கத்துக் கூட்டோட சேர்த்துடுவேன். நஷ்டம்தான். சாகாது. ஆமா, அந்த லாரிக்காரன் என்ன, பெட்டியைக் குழந்தை மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வர்றான்? வேர்த்துக் கொட்டுது அவனுக்கு."

அண்ணி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் புள்ளிச் சட்டைக்காரர் வந்தார். வேறு கம்பெனி பார்த்துவிட்டோம் என்று சொல்வோம் என எதிர்பார்த்திருப்பார். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"அடுத்த தடவையும் உங்க கம்பெனிதான்" என்றார் அண்ணி.

அண்ணன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "பிளாஸ்டிக்ல சுத்தினவங்ககிட்டயேவா?"

"இவங்களுக்கு இப்பத் தெரியும். புதுசா ஒருத்தர்கிட்ட போனா, அவங்களுக்குத் தெரியறதுக்கு இன்னொரு பெட்டி சாகணும்." பிறகு புள்ளிச் சட்டைக்காரரிடம் சொன்னார்: "நான் குடோனுக்கு வரணும். பெட்டியைத் தொடற ஆளுங்க எல்லாரையும் பார்க்கணும்."

அடுத்த ஆர்டருக்கு முன்னால் நாங்கள் போனோம். அண்ணி ஒரே ஒரு கூண்டு மட்டும் எடுத்து வந்திருந்தார். ரப்பர் பட்டையை நிறுத்தி ஆட்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். கூண்டு கைக்குக் கை மாறியது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார், ஒருவர் "மாமியார் வீட்டுக்கு ஒண்ணு கொடுங்க அக்கா" என்றார். கடைசியில் நின்ற நடுத்தர வயதுக்காரர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்து, "என்னால முடியாதும்மா" என்றார்.

"தொடுய்யா, ஒண்ணும் பண்ணாது" என்று மேற்பார்வையாளர் அதட்டினார்.

அண்ணி கூண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அவரை விட்டுடுங்க. பயம் அப்படி எல்லாம் போகாது. இவருக்கு வார லீவு என்னைக்கு?"

"புதன்கிழமை."

"அப்ப என் பெட்டி புதன்கிழமை வரும்" என்றார் அண்ணி.