குரல் போன இடம்

மடிக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வைதேஹி தலையை இடதுபக்கம் சாய்த்து, "சொல்லு" என்பாள். டில்லி கிட்வாய் நகரில் எங்கள் எதிர்வீட்டுக்கு அவள் குடும்பம் குடிவந்த நாளிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லும், நமக்கு ஒன்றும் பிடிபடாத வேகத்தில். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே எம்.ஏ. முடித்தாள்.

போன சித்திரையில் அவளுக்கு ஒரு வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம், ஆனால் போனில் சேரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முன்பு வேறு இடங்களில், பார்வையில்லாமல் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் அர்விந்த் லீவு போட்டுக் கூட உட்காருகிறேன் என்றான்.

"நீ பக்கத்துல உக்காந்தா நான் தனியா வேலை செய்வேன்னு எவன் நம்புவான்? ஆபீஸ் போ" என்று விரட்டிவிட்டாள்.

தேர்வு நாள் காலை எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் அம்மா ஹம்சா மாமிக்கு டில்லிப் புழுதி என்றால் ஆகாது. டிவி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் துணி போர்த்துகிறவர். கம்ப்யூட்டரையும் மூடி, பழைய அங்கவஸ்திரத்தைப் போர்த்திவிட்டு, மகள் பெயரில் அர்ச்சனை செய்யக் கோயிலுக்குக் கிளம்பினார்.

சிறிது நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது.

"வள்ளிக்கா, கொஞ்சம் வாங்கோ. பேசமாட்டேங்கறது."

அவள் அறைக்குப் போனேன். போனில் அர்விந்த் கத்திக்கொண்டிருந்தான். "ரீஸ்டார்ட் பண்ணுடி, ஜல்தி!"

"அப்டேட்டுன்னு ஆரம்பிச்சா அது எப்ப எழுந்துக்கும்? நீ வைடா" என்று போனை அணைத்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. எழுத்து மட்டும்தான் தெரியும்" என்றேன். நான் படித்தது அவ்வளவுதான்.

"எழுத்து போறும். மூலையில ஸ்பீக்கர் படம் இருக்கா? அது மேல பெருக்கல் குறி?"

"படம் இருக்கு. குறி இல்ல."

"அப்போ வாய் அடைக்கலை. பேசிண்டுதான் இருக்கு. யார்கிட்டன்னு பார்க்கணும்."

விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். திரை ஓரத்தில் இரண்டு வரி கொண்ட சின்னக் கட்டம் வந்தது. மேல்வரி மட்டும் நிறம் மாறியிருந்தது.

"அதைப் படிங்கோ."

"எச்... டி... எம்... ஐ... என்ன வார்த்தையோ, தெரியலம்மா."

வைதேஹி சத்தமாகச் சிரித்தாள். "அர்விந்த் மேட்ச் பார்க்க மாட்டி வெச்ச பெரிய ஸ்கிரீன்! அம்மா மூடினதும் இது தூங்கியிருக்கு. முழிச்சதும் அதைப் பிடிச்சுண்டு அதுகிட்டயே சொல்லிண்டிருக்கு. அந்த டப்பாவுக்கு ஸ்பீக்கரே கிடையாதுக்கா!"

"இதோட சொந்த ஸ்பீக்கர் கீழ்வரியில இருக்கும்" என்று கீழ் அம்புக்குறியைத் தட்டி, என்டரை அழுத்தினாள். சட்டென்று குரல் பொங்கி வந்தது. இரண்டு கைகளையும் தூக்கி, "அச்சா! வந்துட்டியா!" என்று கூவினாள். நானும் கைதட்டிவிட்டேன். அப்படி நான் செய்வது வழக்கமில்லை.

பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் நின்று கேட்டேன். பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. ஒருவர் ஹிந்தியில், இந்தக் குரல் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "இன்று காலைதான் நின்றது, சார்" என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொன்னாள். எதிர்வீட்டு அக்கா எழுத்துக் கூட்டிப் படித்ததையும் விடவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு எழுந்தது. ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை.

மாமி பிரசாதத்தோடு வந்தபோது, "அம்மா, உன் புள்ளையார் காப்பாத்தினார், உன் துணிதான் கவுத்துது" என்றாள்.

மாமி இன்னும் துணி போர்த்துகிறார். மேட்ச் முடிந்ததும் பெரிய திரையின் ஒயரை அர்விந்த் கழற்றிவிட வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். வைதேஹி இப்போது அந்த வங்கியின் ஜனக்புரிக் கிளையில் வேலை பார்க்கிறாள். மெட்ரோவில் தனியாகப் போய்வருகிறாள்.